மின்னொளி கபடிக்குப் போகும் பிசியோவுக்கு: அடிபட்ட முதல் பத்து நிமிடம்

கிளினிக்கில் நம்மிடம் வரும் நோயாளி பெரும்பாலும் எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார். எலும்பு உடையவில்லை, உயிருக்கு ஒன்றுமில்லை என்று வேறு யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். கபடிக் களத்தின் ஓரத்தில் அந்த "வேறு யாரோ" இல்லை. ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிப் போட்டியில், "பிசியோ இருக்காரு, பார்த்துக்குவாரு" என்று கமிட்டி நினைத்துக்கொண்டிருக்கும். டாக்டர் வர மாட்டார். ஆம்புலன்ஸ் நிற்குமா என்பதே சந்தேகம்.

கணுக்கால், முழங்கால், தோள் என்றால் பிசியோவுக்குக் கை தானாகப் போகும். மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பவர், கழுத்தில் அடி, வெயில் தாக்கி உளறுபவர் என்று வரும்போதுதான் தடுமாற்றம். இவை அரிதாக வருபவை. வந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகிறவை. அமெரிக்காவில் விளையாட்டுத் துறைச் சிறப்புச் சான்று கேட்கும் பிசியோ, அவசரகாலப் பராமரிப்புப் பயிற்சியையும் தனியாக முடித்துக் காட்ட வேண்டும். இங்கே நாமேதான் தேடிப்போய்க் கற்க வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம் சிபிஆர் (மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்து மீட்பது), ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி) இரண்டையும் கற்றுத்தரும் பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்பு வகுப்பை முடித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்ட பிறகே மைதானப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கமிட்டியிடம் முதல் நாளே பேச வேண்டியவை

போட்டிக்கு முந்தைய நாள் மாலை மைதானத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். வண்டி களத்துக்கு எவ்வளவு அருகில் வர முடியும்? பெரும்பாலான ஊர்களில் பந்தலும் கடைகளும் பாதையை அடைத்திருக்கும். பள்ளி மைதானம் என்றால் பின்பக்க கேட் பூட்டியிருக்கும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, போட்டி முடியும்வரை அவர் களத்திலேயே இருப்பார் என்பதை உறுதி செய்யுங்கள். சாவிக்காரர் சாப்பிடப் போன நேரத்தில்தான் வண்டி வந்து நிற்கும்.

108-க்கு யார் அழைப்பது என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "யாராவது போன் பண்ணுங்கப்பா" என்று கத்தினால் ஐம்பது பேர் போனை எடுப்பார்கள். எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். அழைப்பவர் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: ஊர், மைதானத்தின் பெயர், முக்கிய சாலையிலிருந்து வரும் வழி, அடையாளமாக ஒரு கோயிலோ பெட்ரோல் பங்க்கோ, எந்த கேட் வழியாக வர வேண்டும். இன்னொருவர் சாலை முனையில் டார்ச்சோடு நின்று வண்டியை அழைத்துவர வேண்டும். வாய்ப்பிருந்தால் இறுதிப் போட்டி வரைக்கும் ஒரு ஆம்புலன்ஸை மைதானத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வண்டியில் டிஃபிப்ரிலேட்டரும் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) ஆக்சிஜனும் இருக்கின்றனவா என்று கேட்பது முக்கியம். வெறும் ஸ்ட்ரெச்சர் மட்டும் உள்ள வண்டிகளும் ஆம்புலன்ஸ் என்ற பெயரில்தான் ஓடுகின்றன.

அருகில் 24 மணி நேரமும் எக்ஸ்ரே எடுக்கும் இடம், சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனை, ரத்தநாள அறுவை செய்யக்கூடிய பெரிய மருத்துவமனை ஆகிய மூன்றையும், போய்ச் சேர ஆகும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே கட்டடத்தில் இருப்பது சிறு ஊர்களில் நடக்காது.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது, ஆனால் இதைப் பேசாமல் பொறுப்பேற்கக் கூடாது. வீரரை வெளியே எடுக்க வேண்டும் என்று பிசியோ சொன்னால் அதுதான் முடிவு என்று கமிட்டியும் நடுவரும் அணி மேனேஜர்களும் போட்டி தொடங்குமுன் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதி வாங்கினால் நல்லது. பரிசுக் கோப்பையும் ரொக்கமும் மேடையில் இருக்கும்போது, அரையிறுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நிறையப் பேர் பை முழுக்க டேப்பும் ஸ்ப்ரேயுமாக அடைத்துக்கொண்டு போகிறார்கள். ஸ்ப்ரே தோலைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். கூட்டத்துக்கு அது வைத்தியம் மாதிரித் தெரியும். உடைந்த எலும்பின்மேல் ஸ்ப்ரே அடித்து ஆடவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

இருபது அணிகள் ஆடும் ஒரு நாள் போட்டிக்கு இவ்வளவு போதும்: கையுறை 20 ஜோடி, வாய்வழி மூச்சு கொடுக்கப் பயன்படும் பாக்கெட் மாஸ்க் ஒன்று, அளவு மாற்றக்கூடிய கழுத்துக் காலர் ஒன்று, அடிபட்ட கை காலை அசையாமல் தாங்க, வளைத்துப் பயன்படுத்தும் அலுமினிய ஸ்பிளிண்ட் இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி ஆறு, 4 அங்குலம், 6 அங்குல கிரேப் பேண்டேஜ் தலா ஆறு, 3.8 செ.மீ. அகல ரிஜிட் டேப் ஆறு சுருள், ஸ்டெரைல் காஸ் 30 பாக்கெட், காயம் கழுவ 500 மி.லி. சலைன் நான்கு, உடையை வெட்டும் முனை மழுங்கிய கத்தரிக்கோல், பேனா டார்ச், பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி கருவி, குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பொடி, ஓஆர்எஸ், கை காலில் பெருத்த ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கே ஒன்று. ஏஇடி இரவல் கிடைத்தால் கூடவே ஒரு சவர ரேசரும் உலர்ந்த துண்டும் வையுங்கள். வியர்வையிலும் அடர்ந்த முடியிலும் அதன் பேட் ஒட்டாது. ஐஸ் 10 கிலோவாவது தெர்மாகோல் பெட்டியில் இருக்கட்டும். மீன் ஐஸாக இருந்தால் ஒத்தடத்துக்கு மட்டும். யாருக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

மாத்திரை, ஊசி வேண்டாம். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அவருடையதாகவே இருக்கட்டும். போட்டிக்கு முன் அணி மேனேஜரிடம் ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டு, ஜெர்சி எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்தவரிடம் போனதும்

பாதுகாப்பு முதலில். ஆட்டம் நின்றதா, மேலே கிடப்பவர்கள் எழுந்துவிட்டார்களா என்று பாருங்கள். நடுவர் கை காட்டிய பிறகே உள்ளே ஓடுங்கள். ஓடும்போதே அவர் அசைகிறாரா, எப்படிக் கிடக்கிறார், எந்தப் பக்கம் அடி என்று கண் கணக்கெடுக்கட்டும். அடிபட்ட விதத்தை நாம் பார்த்திருந்தால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. அதனால் ரெய்டு நடக்கும்போது ஸ்கோர்போர்டைப் பார்க்காதீர்கள்.

பெருத்த ரத்தப்போக்கு, மூச்சுப் பாதை (கழுத்தைப் பிடித்தபடி), மூச்சு, நாடித்துடிப்பு, நினைவு. இந்த வரிசை முடிந்த பிறகே கை கால். முழங்கால் கோணலாகத் திரும்பிக் கிடந்தால் கண் அங்கேயே போகும். அதே ஆள் மூச்சுவிடவில்லை என்பது கடைசியில் தெரியும். பயிற்சி பெற்றவர்களும் செய்யும் தவறு இது.

கூட்டமும் சும்மா இருக்காது. ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் சோடா புகட்ட வருவார், வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நினைவில்லாதவரின் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகலாம். சாவியால் எதுவும் ஆவதில்லை, நேரம்தான் வீணாகும். கமிட்டி ஆட்கள் நான்கு பேரைக் கைகோத்து வட்டமாக வெளிப்பக்கம் பார்த்து நிற்கவைத்தால் இது பாதி தீரும்.

யாரும் மோதாமல் சரிந்தால்

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பக்கத்தில் யாரும் மோதாமலேயே சரிந்தார். இதயம் நின்றிருந்தது, மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். மோதல் இல்லாமல் சரியும் வீரருக்கு, வேறு காரணம் தெரியும்வரை, இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் முழங்காலோ முழங்கையோ பட்ட மறுகணம் சரிபவருக்கும் அப்படியே. துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி, ஆரோக்கியமான இதயத்தையும் நிறுத்திவிடக்கூடும். கபடியில் அந்த அடி அரிதல்ல.

ஏமாற்றுபவை இரண்டு. இதயம் நின்றவருக்குச் சில நொடி வலிப்பு மாதிரி வெட்டும். "வலிப்புதான்" என்று காத்திருந்தால் போயிற்று. அடுத்தது, விட்டுவிட்டு வரும் இழுப்பு மூச்சு. மீன் வாயைத் திறப்பது மாதிரி இருக்கும் அது மூச்சே அல்ல. தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, இயல்பான மூச்சு இல்லை என்றால் பத்து நொடிக்குமேல் நாடி தேட வேண்டாம், தொடங்கிவிடுங்கள்.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் கை வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். மாஸ்க் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கபடி மேட் கொஞ்சம் அமுங்கும், நீங்கள் தருவதாக நினைக்கும் ஆழம் அங்கே குறையும். உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைப்பு தெரியும் முன்பே ஆழம் குறைந்துவிடும். ஏஇடி வந்ததும் அழுத்தத்தை நிறுத்தாமலே பேட் ஒட்டுங்கள்: வலது காறையெலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒன்று. சிபிஆரும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. ஆளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஓடுவதற்கு எதிரான கணக்கு இதுதான்.

கழுத்து

தாண்ட முயன்ற ரெய்டர் தலைகுப்புற விழுவது, அவர்மேல் ஏழு பேரும் குவிவது. இரண்டிலும் கழுத்தை நினைத்தே அணுகுங்கள். நினைவில்லாதவருக்குக் கழுத்தில் அடி என்றே கொள்ள வேண்டும். நினைவிருப்பவரிடம், தலையை அசைக்காமல் பதில் சொல்லச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: கழுத்தின் நடுவில் வலிக்கிறதா? கை கால் மரத்தோ சுரீரென்றோ இருக்கிறதா? பிறகு விரலை மடக்கச் சொல்லி, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அவர் எழக்கூடாது.

தலைப்பக்கம் மண்டியிட்டு, இரு முன்கைகளாலும் தலையை அணைத்து, தோள்பட்டைத் தசைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடியை விட்டால் அடுத்தவர் பிடித்த பிறகே விட வேண்டும். காலர் போட்டதும் கையை எடுத்துவிடுவது வழக்கமான பிழை. காலர் மட்டும் கழுத்தை அசையாமல் வைக்காது. குப்புறக் கிடப்பவரைப் புரட்டவும், பலகையில் ஏற்றவும் தலைப்பக்கம் ஒருவர், பக்கவாட்டில் மூவர், பலகை நுழைக்க ஒருவர் வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணினால்தான் மற்றவர்கள் அசைய வேண்டும். இதை முதல் நாள் மாலையிலேயே தொண்டர் ஒருவரைப் படுக்கவைத்து நான்கைந்து முறை பழக்குங்கள். அரை மணி நேரம் போதும். வாந்தி வந்தால் காத்திருக்காமல் உடலோடு சேர்த்து ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சுப் பாதைதான் முதலில்.

தலையில் அடி

முழங்கால் நெற்றியில் பட்டவர் எழுந்து நின்று "நல்லா இருக்கேண்ணே" என்பார். அந்த வார்த்தைக்கு மதிப்பு கொடுக்காதீர்கள். நினைவு தப்பியது, வலிப்பு, கை விறைத்துக்கொண்டது, தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடந்தது மறந்துபோனது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கேள்வி கேட்டு உறுதிப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

அறிகுறி தெளிவாக இல்லாதபோது கேட்க வேண்டிய ஐந்து: இப்போ எந்த ஊர்ல ஆடுறோம்? இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா? கடைசிப் பாயிண்ட் யாரு எடுத்தது? போன மேட்ச் யாரோட ஆடினீங்க? ஜெயிச்சீங்களா? நினைவுத் தடுமாற்றத்தைப் பிடிப்பதற்கான கேள்விகள் இவை. பெயரும் பிறந்த தேதியும் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அவற்றைக் கேட்டுப் பயனில்லை. சரியாகச் சொல்லிவிட்டாலும் மூளையதிர்ச்சி இல்லை என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் வெளியேதான். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மூளையதிர்ச்சி மாநாட்டுக்குப் பிறகு வெளியான ஸ்கேட்-6 பரிசோதனையை முறையாகச் செய்ய 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். களத்தில், கூச்சலுக்கு நடுவில் அதைச் செய்ய முடியாது. பாடசாலை வகுப்பறையோ மேடைக்குப் பின்புறமோ அமைதியான ஒரு இடத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, கை கால் பலவீனம், மயக்கம் அதிகரிப்பது, காரணமில்லாத ஆத்திரம், வலிப்பு இவற்றில் எதற்கும் உடனே ஆம்புலன்ஸ், சிடி ஸ்கேன் உள்ள இடத்துக்கு. இவை எதுவும் இல்லாதவரையும் முதல் மூன்று மணி நேரமாவது தனியே விடாதீர்கள். பைக் ஓட்டக் கூடாது, மது கூடாது. தோற்ற அணி ஊர் திரும்பும் வேனில் இந்த இரண்டும் நடக்கக்கூடியவை, ஆகவே மேனேஜரிடமும் சொல்லுங்கள்.

வெயில்

மின்னொளியில் இது குறைவு. ஆனால் சுற்றுப்போட்டிகள் காலை பத்து மணிக்கே தொடங்கிவிடும். மே மாதத்தில் நடப்பவையும் உண்டு. தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்றால் நிழல், ஓஆர்எஸ், ஓய்வு. உளறல், தள்ளாட்டம், சண்டைக்கு வருவது, நினைவு தப்புவது என்று மூளை தடுமாறினால் அது வெயில் தாக்கு. தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஓடியாடுபவருக்கு வியர்வை கொட்டும்போதே வரும். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை இங்கே நம்ப முடியாது, ஆசனவாய் வெப்பநிலைதான் சரி. அது 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்.

முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே மருத்துவமனை. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாய் போதும். ஆளை நடுவில் கிடத்தி, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, தண்ணீரையும் கையிலுள்ள ஐஸ் முழுவதையும் கொட்டி ஆட்டிக்கொண்டே இருங்கள். தலை வெளியே இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்கு இறங்க வேண்டும். அதற்குக் கீழே போகவிடாமல் நிறுத்திவிடுங்கள். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது போதாது.

மூட்டுகள்

கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்யும் ஒட்டாவா விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இரு கணுமுட்டிகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, எலும்பை அழுத்தினால் வலியா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பு தொடங்கும் இடத்திலோ, உள்பாதத்து நாவிக்குலர் எலும்பிலோ அழுத்தினால் வலியா? நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? ஒன்று ஆம் என்றாலும் எக்ஸ்ரே. நொண்டியபடி நான்கு அடி நடந்தாலும் நடந்ததுதான். எலும்பைத் தொடாமல் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களால்தான் இந்த விதி கெடுகிறது.

முழங்காலில் "டப்" சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது, முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். வீங்குவதற்கு முந்தைய ஐந்து பத்து நிமிடம் அந்தத் தசைநாரைச் சோதிக்கும் லாக்மன் பரிசோதனைக்குப் பொன்னான நேரம். பிறகு தசை இறுகிவிடும். இதைவிட ஆபத்தானது முழங்கால் மூட்டே நழுவித் தானாக உள்ளே போய்விடுவது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வீக்கம். ஆனால் இரண்டு மூன்று திசைகளில் மூட்டு ஆடும். பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். பாதத்தின் மேலும் உள் கணுவுக்குப் பின்னாலும் நாடியைப் பார்த்து, மறு காலோடு ஒப்பிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். நாடி இருக்கிறது என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ரத்தநாள அறுவை செய்யும் மருத்துவமனைக்கே நேராக அனுப்புங்கள், இடையில் வேறெங்கும் நிறுத்தாமல்.

தோள் இறங்கினால் "இழுத்துவிட்டா ஏறிடும்" என்று நாலு பேர் வருவார்கள். விடாதீர்கள். முதல்முறை நழுவும் தோளில் எலும்பும் உடைந்திருக்கலாம். தோளின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கிறதா, மணிக்கட்டில் நாடி இருக்கிறதா என்று பாருங்கள், எழுதுங்கள். கையை உடம்போடு ஒட்டவைக்க முயலாமல், இடைவெளியில் துண்டைச் சுருட்டி வைத்து, வலி குறைவாக இருக்கும் நிலையிலேயே முக்கோணத் துணியால் தாங்குங்கள். விரல் நழுவலுக்கும் இதே கொள்கைதான்.

ஐஸ் ஒத்தடம் ஈரத்துணி மேல் 15 முதல் 20 நிமிடம். முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, அங்கே பத்து நிமிடத்தோடு எடுத்துவிடுங்கள்.

பல்லும் மூக்கும்

விழுந்த நிரந்தரப் பல்லை வேரில் தொடாமல், வாயில் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒருமுறை அலசி, வீரர் தெளிவாக இருந்தால் குழியில் திரும்பப் பொருத்தி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் டீக்கடையில் காய்ச்சாத பாக்கெட் பாலை வாங்கி அதில் போட்டு அனுப்பலாம்; தண்ணீரில் போட வேண்டாம். ஒரு மணி நேரம் உலர்ந்தபடி கிடந்தால் வேரின் செல்கள் செத்துவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாக்காமல் முன்னே குனிந்து, மூக்கின் மென்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் பார்ப்பதால்தான் பலருக்கும் நிற்பதில்லை.

ஒப்படைக்கும்போது

ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள்: வயது, அடிபட்ட நேரம், எப்படிப் பட்டது, என்ன கண்டீர்கள், நாடி, மூச்சு, பிபி, நினைவு நிலை, என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு. டூர்னிக்கே கட்டியிருந்தால் அந்த நேரத்தை வீரரின் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். உங்கள் நோட்டில் ஒரு நகல் இருக்கட்டும். வெளியே வர மறுத்த, அல்லது உங்கள் பேச்சை மீறி ஆடிய வீரர் யார், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, தலையில் அடிபட்டவரின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அவரிடம் மட்டும் பேசிவிட்டு வைக்காமல் அம்மாவையோ மனைவியையோ கூப்பிட்டு, ராத்திரி வாந்தி எடுத்தாரா, எழுப்பும்போது எழுந்தாரா, பேச்சு வழக்கம்போல் இருக்கிறதா என்று கேளுங்கள்.